லூம்ல குல்லா பின்னலாமா? வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல ஒரு ஓரமா நான் பின்னின மஞ்சக் குல்லா போட்டோவும், பக்கத்துல அதைப் பின்ன உதவின, லூம்னு சொல்ற பிளாஸ்டிக் வளையமும் போட்டிருந்தோம். சமையல் குறிப்புக்கு வர்ற கடிதத்தை விட அதுக்கு நிறைய வந்திருக்கு, எனக்கே ஆச்சரியம். கேட்டதையே கேட்டவங்க நிறைய பேர், அதனால ஒரு மாதிரி சேர்த்துக் கொடுத்திருக்கேன். ஊர்ப் பேர் மட்டும்தான் போடறேன், கோவிச்சுக்காதீங்க.

எங்க வீட்ல விசைத்தறி ஓடுதுங்க. லூம்னா எங்களுக்குத் தறிதான். நீங்க காட்டினதுல பாவு எங்க, ஊடை எங்க? (ஈரோடு)

பாவும் இல்ல ஊடையும் இல்லங்க, பேரு மட்டும்தான் லூம். உங்க தறியில நெடுக்க ஒரு நூல் குறுக்க ஒரு நூல்னு ரெண்டும் சேர்ந்தாத்தான் துணி. இதுல ஒரே நூல்தான், அது தன்னோட வளையத்துக்குள்ளயே நுழைஞ்சு நுழைஞ்சு துணியாகுது, அதாவது ரெண்டு ஊசி வச்சு ஸ்வெட்டர் பின்னுவாங்களே அதே வேலை, ஊசிக்குப் பதிலா வளையத்தைச் சுத்தி முளைங்க நிக்குது. கடையில பெக்னு கேளுங்க, நான் முளைன்னே சொல்றேன். உங்க ஊர்ல இருந்து திருப்பூர் ஒண்ணும் தூரம் இல்ல, ஒரு தடவை பனியன் துணி ஓட்டற வட்ட மிஷினைப் பாருங்க. உள்ள ஊசியெல்லாம் வட்டமா நின்னு ஒவ்வொண்ணும் பழைய வளையம் வழியா புது வளையத்தை இழுத்துட்டே இருக்கும், கீழ துணி குழாய் மாதிரி இறங்கும். நாம கையால மெதுவா செய்யறதும் அதேதான். இங்கிலாந்துல வில்லியம் லீங்கிறவர் 1589ல காலுறை பின்ற மிஷின் ஒண்ணு செஞ்சாரு, திருப்பூர் மிஷினுக்கு அதைக் கொள்ளுத்தாத்தான்னு சொல்லலாம். நம்ம வளையத்தோட சொந்தக்காரன் இன்னும் எளிமை, மர நூல்கண்டு தலையில நாலு ஆணி அடிச்சு குழந்தைங்க கயிறு பின்னுவாங்க, அதுக்கு ஃப்ரெஞ்ச் நிட்டிங்னு பேரு.

நாலு சைஸ் வளையம் சேர்ந்த செட் பார்த்தேன். முழுசா வாங்கணுமா? (குன்னூர்)

வேணாம். அந்த செட்ல பெரும்பாலும் 24, 31, 36, 41 முளை இருக்கற வளையங்க வரும். 24 கைக்குழந்தைக்கு, 31 பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு, 36 பெரியவங்க நடுத்தர தலைக்கு, 41 பெரிய தலைக்கு, ஆம்பளைங்களுக்கு. தனியா கிடைச்சா 36 ஒண்ணு போதும், குன்னூர் குளிருக்கு உங்களுக்கே ஒண்ணு போட்டுக்கலாம். வாங்கறப்ப முளையை விரலால தடவிப் பாருங்க, பிளாஸ்டிக் பிசிறு இருந்தா நூல் அதுல மாட்டி மாட்டி உயிரை வாங்கும். முளைக்கு வெளிப்பக்கம் நீளவாக்குல ஒரு பள்ளம் ஓடணும், பின்றப்ப நூலைத் தூக்கற கொக்கி அதுக்குள்ள இறங்கினாத்தான் நூல் வளையத்தைத் தூக்கறது சுலபம்.

இன்னொண்ணு, இந்த வளையங்கள்ல முளைக்கு முளை இடைவெளி ஏறக்குறைய முக்கால் இஞ்ச் இருக்கும். மெல்லிசு நூலை ஒத்தையா போட்டா வலைதான் வரும். என் முதல் குல்லாவைப் பார்த்துட்டு எங்க வீட்டுக்காரர் இதுல இடியாப்பம் வேக வைக்கலாமான்னு கேட்டாரு. நம்ம கடையில கிடைக்கற சாதா உல்லன் நூல்னா ரெண்டு உருண்டையை சேர்த்துப் பிடிச்சு ரெட்டை இழையா ஓட்டுங்க. பெரியவங்க குல்லாவுக்கு 100 கிராம் உருண்டை ரெண்டு கையில வச்சுக்கிட்டு ஆரம்பிச்சா நடுவுல கடைக்கு ஓட வேணாம். ஒரே நிறம், ஒரே லாட் நம்பரான்னு லேபிள்ல பாத்து வாங்குங்க, லாட் மாறினா நிறம் லேசா தட்டும், வெயில்ல பிடிச்சாத்தான் தெரியும்.

ஆரம்பமே வரல அக்கா. வீடியோ பார்த்தேன், அவங்க கை ஓடற வேகத்துல எனக்கு ஒண்ணும் புரியல. எழுத்துல சொல்லுங்க, அப்புறம் நூல் கல்லு மாதிரி இறுகிடுது. (திருநெல்வேலி)

சரி, நிதானமா சொல்றேன், கையில வளையத்தை வச்சுக்கிட்டே படிங்க. வளையத்துக்குப் பக்கவாட்டுல தனியா ஒரு முளை நீட்டிட்டு இருக்கும், நூல் நுனியை ஒரு சுருக்கு போட்டு அதுல மாட்டுங்க. இப்ப நூலை வளையத்துக்கு உள்பக்கம் கொண்டு வந்து முதல் முளையை வெளிப்பக்கமா ஒரு சுத்து சுத்தி திரும்ப உள்ளயே கொண்டாங்க, அப்படியே அடுத்த முளை, அதுக்கு அடுத்தது. மேல இருந்து பார்த்தா இங்கிலீஷ் சின்ன ஈ எழுத்தை கூட்டெழுத்துல வரிசையா எழுதின மாதிரி தெரியும், அதனாலதான் இதுக்கு ஈ ராப்னு பேரு. ஒரு முழு சுத்து முடிஞ்சதும் எல்லா முளையிலயும் ஒரு நூல் வளையம் இருக்கும். விரலால கீழ தள்ளி விட்டுட்டு அதுக்கு மேலயே ரெண்டாவது சுத்து. இப்ப ஒவ்வொரு முளையிலயும் மேல ஒண்ணு கீழ ஒண்ணு. கொக்கியை முளைப் பள்ளத்துல விட்டு கீழ் வளையத்தைப் பிடிச்சு, மேல் வளையத்தைத் தாண்டி, முளைத் தலையைத் தாண்டி, உள்பக்கமா விடுங்க. அவ்வளவுதான் ஒரு தையல். கடைசியா சுத்தின முளையில முதல்ல இதைச் செஞ்சிருங்க, இல்லாட்டி கை நழுவினா சுத்தினது பூரா உருவிக்கும், நான் பட்டிருக்கேன். அப்புறம் மறுபடி ஒரு சுத்து, மறுபடி தூக்கல், இப்படியே போக வேண்டியதுதான். நாலஞ்சு சுத்து வரைக்கும் உள்ள ஒண்ணும் இருக்கற மாதிரியே தெரியாது, பத்தாவதுலதான் துணின்னு ஒண்ணு தொங்க ஆரம்பிக்கும், அது வரைக்கும் பிரிச்சுப் போடாம இருங்க.

இறுகற விஷயத்துக்கு வர்றேன், வந்த கடிதத்துல பாதி இந்தப் புலம்பல்தான். நாம எதைக் கட்டினாலும் இழுத்துக் கட்டியே பழகினவங்க, பூவானாலும் சரி பொட்டலமானாலும் சரி. இங்க அது ஆகாது. குழந்தைக்கு அரைஞாண் கட்டறப்ப விரல் நுழையற மாதிரி விட்டுக் கட்டுவோமே, அந்தத் தளர்வு வேணும். சுத்தினப்புறம் வளையத்தை ஒரு விரலால மேலயும் கீழயும் தள்ளிப் பாருங்க, வழுக்கிட்டுப் போகணும். போகலைன்னா அப்பவே பிரிச்சிருங்க, கொக்கியால மல்லுக்கட்டினா முளை உடையும் இல்ல மணிக்கட்டு போகும். நூல் உருண்டையை மடியில வச்சு ஒரு முழம் நூலை எப்பவும் முன்னாடியே உருவி தளர்வா விட்டுக்கோங்க, உருண்டையில இருந்து நேரா இழுத்துட்டே சுத்தறதுதான் பாதி இறுக்கத்துக்குக் காரணம். எங்க அக்கா பையனுக்குன்னு நான் இறுக்கி இறுக்கிப் போட்ட குல்லா கடைசியில தேங்காய்க்குத்தான் பொருந்துச்சு. இன்னும் அந்தத் தேங்காய் கதையைச் சொல்லி சிரிக்கறாங்க.

குல்லா நல்லாத்தான் வருது, ஆனா அடி ஓரம் சுருட்டிக்கிட்டு மேல ஏறுது. அயர்ன் பண்ணலாமா? (திருச்சி)

அயர்ன் பாக்ஸை தொடாதீங்க! அக்ரிலிக்னு சொல்ற செயற்கை நூல்னா சூடு பட்டதும் துவண்டு பளபளன்னு ஆகி செத்துப் போயிடும், திரும்ப வராது.

பழைய பனியனைக் கைத்துணிக்கு வெட்டியிருக்கீங்களா? வெட்டின ஓரம் உடனே சுருட்டிக்கும். அதே குணம்தான் இது. எல்லா வளையத்தையும் ஒரே பக்கமா இழுத்தா துணிக்கு முன்பக்கமும் பின்பக்கமும் வேற வேற இழுவை, ஓரம் சும்மா நிக்காது. வழி ரெண்டு இருக்கு. முதல் வழி சுலபம், ஓரத்தை மடிச்சுப் பின்றது. 5 இஞ்ச் அளவு பின்னினதும் நிறுத்துங்க, வளையத்துக்குள்ள கையை விட்டா அடி ஓரம், அதாவது நீங்க முதல் முதல்ல சுத்தின வளையங்க, கையில அகப்படும். அதை உள்பக்கமாவே மேல தூக்கிட்டு வந்து, எந்த முளைக்கு நேரா எது ஆரம்பிச்சுதோ அதே முளையில ஒவ்வொண்ணா மாட்டுங்க. ஒண்ணு தள்ளி மாட்டினா குல்லா முறுக்கிக்கும், அதனால நூல் நுனி தொங்குதே அங்க இருந்து எண்ணிட்டு வாங்க. எல்லாம் மாட்டினப்புறம் ஒவ்வொரு முளையிலயும் கீழ் வளையத்தை மேல் வளையத்துக்கு மேல தூக்கி விட்டா பட்டை ரெண்டு மடிப்பா மாட்டிக்கும், காதுக்கும் நல்ல கதகதப்பு.

ரெண்டாவது வழி பர்ல் கத்துக்கறது. ஊசிக்காரங்க கவுந்த தையல்னு சொல்றது. நூலை சுத்தாம முளைக்கு முன்னாடி, இருக்கற வளையத்துக்குக் கீழ நேரா பிடிங்க. கொக்கியை மேல இருந்து கீழா அந்த வளையத்துக்குள்ள விட்டு, கீழ இருக்கற நூலைக் கொத்தி, வளையம் வழியா மேல இழுங்க. புதுசா ஒரு வளையம் கொக்கியில வந்திருக்கும், அதை விட்டுடாம பழைய வளையத்தை முளையில இருந்து கழட்டிட்டு, புதுசை மாட்டி நூலை லேசா சுண்டி விடுங்க. முதல் பத்து முளை எரிச்சலா வரும், அப்புறம் கை தானா போகும். இந்தப் பர்ல் கைக்கு வந்துட்டா ரெண்டு சாதா ரெண்டு பர்ல்னு மாத்தி மாத்திப் போட்டு ரிப் கிடைக்கும், ஸ்வெட்டர் மணிக்கட்டுல வருமே இழுத்தா விரியற பட்டை, அது. 36 முளை 4ல வகுபடும், 31ம் 41ம் வகுபடாது, அதைப் பார்த்துக்கோங்க. ஒரு சுத்து சாதா ஒரு சுத்து பர்ல்னு மாத்திப் போட்டா வரப்பு வரப்பா வரும், கார்ட்டர்னு பேரு, ஓரம் அசையாம படுத்திருக்கும்.

கடைசியா ரெண்டு வளையத்தை முளையை விட்டு நழுவ விட்டுட்டேன், ஏணி மாதிரி கீழ இறங்கிட்டே போகுது. அவ்வளவுதானா? (சேலம்)

அவ்வளவு இல்ல. அழுதுட்டே இழுக்காதீங்க, அது மட்டும் போதும். கீழ தப்பிச்ச வளையத்தை கொக்கியில பிடிச்சு, அதுக்கு நேர் மேல இருக்கற ஏணிப்படி நூலை அதுக்குள்ள இழுங்க, அப்புறம் அடுத்த படி, இப்படியே ஏறி முளையில மாட்டிருங்க. ஈ ராப்ல ஒவ்வொரு தையலும் ஒரு முறுக்கு வாங்கியிருக்கும், நீங்க ஏத்தினது முறுக்கு இல்லாம நேரா தெரியும், உத்துப் பார்த்தாத்தான் தெரியும், யாரும் உத்துப் பார்க்க மாட்டாங்க.

பேத்திக்கு போட ஆசை. எங்க ஊர் வெயிலுக்கு உல்லன் குத்துமோன்னு மருமக சொல்றா. எந்த நூல் வாங்க? (மதுரை)

மருமக சொல்றது சரிதாங்கம்மா. கடையில உல்லன்னு கேட்டா கொடுக்கறது முக்காவாசி அக்ரிலிக்தான், ஆட்டு ரோமம் கிடையாது. சந்தேகம்னா அரை சாண் நூலை வெட்டி பழைய தட்டுல வச்சு இடுக்கியால பிடிச்சு கொளுத்திப் பாருங்க. உருகி கறுப்பா கெட்டி மணி மாதிரி ஆனா அக்ரிலிக், முடி பொசுங்கின நாத்தம் வந்து சாம்பல் விரல்ல பொடிஞ்சா நிஜமான கம்பளி. அக்ரிலிக் துவைக்க சுலபம், மலிவு, ஆனா வேர்வையை உறிஞ்சாது, மதுரை சித்திரை வெயில்ல அதைத் தலையில மாட்டினா குழந்தைக்கு வேர்க்குருதான்.

பருத்தி நூல் வாங்குங்க, கொஞ்சம் தடிமனா. ஒரு விஷயம், பருத்தி இழுத்தா கொடுக்காது, அதனால இன்னும் தளர்வா சுத்தணும், முதல் முயற்சிக்கு அக்ரிலிக்ல கை பழகிட்டு வாங்க. குல்லாதான் போடணும்னு என்ன இருக்கு, பருத்தியில குழந்தை முகம் துடைக்க ஒரு சதுரத் துண்டு கார்ட்டர்ல போடுங்க, தினமும் உபயோகப்படும். குல்லாவே போட்டாலும் வெளிய குளிர்ல போறப்ப மட்டும், வீட்டுக்குள்ள தூங்கறப்ப கழட்டிருங்க, குழந்தைக்கு சூடு தலை வழியாத்தான் நிறைய வெளிய போகணும். முத்து, பட்டன் எதுவும் வச்சுத் தைக்காதீங்க, கையில அகப்பட்டா வாய்க்குத்தான் போகும்.

அக்கா, நான் கனடாவிலை இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். அப்பா பனி அள்ளுறதுக்கு வெளியிலை போகேக்கை போட ஒரு தொப்பி பின்னுறன். எவ்வளவு நீளம் பின்னோணும், உச்சியை எப்பிடி மூடுறது? (டொரொன்டோ)

தங்கச்சி, நீங்க இருக்கற ஊர்லதான் இந்தக் குல்லாவுக்கு நிஜமான வேலை, நாங்க இங்க ஆசைக்குப் போடறோம். அப்பாவுக்கு 41 எடுங்க, அங்க தடி நூல் சுலபமா கிடைக்கும், ரெட்டை இழையா போட்டாலும் தப்பில்ல. முதல்ல 5 இஞ்ச் பின்னி, திருச்சிக்கு சொன்ன மாதிரி மடிச்சு மாட்டுங்க, மடிச்சதும் பட்டை ரெண்டரை இஞ்ச் இருக்கும். அதுக்கு மேல இன்னொரு ஆறு ஆறரை இஞ்ச். அளக்கறப்ப துணியை இழுக்காம தொங்க விட்டு அளங்க, இழுத்து அளந்தா அப்பா தலையில பாதிதான் ஏறும். காது முழுக்க மறையணும்னா ஒரு இஞ்ச் கூட்டிக்கோங்க.

உச்சி மூடறது நான் பயந்த அளவு கஷ்டம் இல்ல. நூலை வளையத்தைச் சுத்தி வெளிய ரெண்டு சுத்து வர்ற நீளத்துக்கு விட்டு வெட்டுங்க. கோணி தைக்கற மாதிரி காது பெருசா, முனை மழுங்கலா இருக்கற பிளாஸ்டிக் ஊசியில கோத்து, முதல் முளையில இருந்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் ஊசியை கீழ இருந்து மேலா விட்டு நூலை உருவிட்டே வாங்க. முதல் முளைக்கு ரெண்டாம் தடவையும் விடுங்க. அப்புறம் எல்லா வளையத்தையும் முளையில இருந்து கழட்டிட்டு நூலை இழுத்தா சுருக்குப் பை வாய் மாதிரி சுருங்கிக்கும். ஒரே இழுப்பா இழுக்காதீங்க, நூல் அறுந்தா தலைவலி, கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சு இழுங்க. நடுவுல ஓட்டை தெரிஞ்சா அதே ஊசியால குறுக்க ரெண்டு மூணு தையல், உள்பக்கம் முடிச்சு, மிச்ச நுனியை துணிக்குள்ளயே நாலு இஞ்ச் ஓட்டி வெட்டிருங்க. அப்பாவுக்குப் போட்டுப் பார்த்து எழுதுங்க.

இந்த வட்ட லூம்ல ஸ்கார்ஃப் போட முடியுமா? (பெங்களூரு)

முடியும். முழுசா சுத்தாம 12 முளை வரைக்கும் போயிட்டு திரும்பி வாங்க, வண்டி மாடு மாதிரி. கிட்டத்தட்ட ஏழு எட்டு இஞ்ச் அகலம் வரும். திரும்பறப்ப கடைசி முளையை சுத்தாம விட்டுட்டு அடுத்ததுல இருந்து ஆரம்பிச்சா ஓரம் சடை மாதிரி அழகா நிக்கும். சாதாவா மட்டும் போட்டா இதுவும் பக்கவாட்டுல சுருட்டிக்கும், ஆறு மணி நேரம் உழைச்சுட்டு கயித்தைக் கழுத்துல போட்டுக்கணும், அதனால கார்ட்டர்ல போடுங்க. முடிக்கறப்ப ரெண்டாவது முளை வளையத்தை முதல் முளைக்கு மாத்தி, கீழதை மேலதுக்கு மேல தூக்கி விட்டு, மிஞ்சினதை ரெண்டாவதுக்கு நகர்த்தி, அந்த முளையில ஒரு தையல் போட்டு, மூணாவதை அதுக்கு மாத்தி, இப்படியே கடைசி வரைக்கும். இந்த முடிக்கற வரிசையிலதான் எல்லாரும் இறுக்கிடறாங்க, ஒரு பக்கம் அகலமா ஒரு பக்கம் கூம்பா வரும்.

என் பொண்ணுக்கு எட்டு வயசு. லீவுல ஏதாவது? (நாகர்கோவில்)

கயிறு பின்ன விடுங்க. வளையம்கூட வேணாம், டிஷ்யூ ரோல் உள்ள வர்ற அட்டைக் குழாயைச் சுத்தி நாலு ஐஸ் குச்சியை மேல ஒரு இஞ்ச் நீட்டற மாதிரி செல்லோ டேப்ல ஒட்டுங்க, லூம் ரெடி. நூல் நுனியை குழாய்க்குள்ள விட்டு கீழ தொங்க விட்டுட்டு, நாலு குச்சியிலயும் ஈ ராப், ரெண்டு சுத்து ஆனதும் கீழதை மேல தூக்கி உள்ள விடணும். தூக்க ஐஸ் குச்சியோ கிரோஷா ஊசியோ போதும். அப்பப்ப கீழ தொங்கற நுனியை லேசா இழுத்து விடச் சொல்லுங்க. பத்து நிமிஷத்துல குழாய் அடியில கயிறு எட்டிப் பார்க்கும், அந்த நேரம் பிள்ளைங்க மூஞ்சியைப் பார்க்கணும்! எங்க வீட்ல அப்படி ஆரம்பிச்ச கயிறு ஹால்ல இருந்து சமையக்கட்டு வரைக்கும் நீண்டு, கடைசியில அதைச் சுருட்டி சுருட்டித் தைச்சு சூடான பாத்திரம் வைக்க மேட் பண்ணிட்டோம். அதுக்குப் பருத்திதான் போடணும், அக்ரிலிக்னா குக்கர் சூட்டுல ஒட்டிக்கும்.

பிடிக்காததைப் பிரிச்சா நூல் சுருள் சுருளா இருக்கு, தூக்கிப் போடறதா? (கோவை)

எதுக்குத் தூக்கிப் போடணும். நாற்காலி முதுகுல சுத்தி நாலு இடத்துல தளர்வா கட்டி, எடுத்து வெதுவெதுப்பான தண்ணியில அரை மணி நேரம் ஊற வச்சு, பிழியாம துண்டுல அமுக்கி, கொடியில தொங்க விடுங்க, அடியில ஒரு டம்ளரைக் கட்டினா எடைக்கு நேராகும். கம்பளி நல்லா நேராயிடும், அக்ரிலிக்ல கொஞ்சம் நெளிவு மிஞ்சும், பின்னினா தெரியாது. நிழல்ல காய வைங்க, பூனை இருக்கற வீடுன்னா கதவைச் சாத்திட்டு.